ஆமென் போடாதீர்கள்

என் வீட்டுக்காரருக்குக் குரல் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால், "அவரே போனைப் போட்டு அந்தக் கம்பெனிக்காரனை நாலு கேள்வி கேட்டிருக்கலாமே?" என்று நீங்களும் ஆரம்பித்துவிடுவீர்கள். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையையே எடுத்தாகிவிட்டது. கழுத்தில் ஒரு துவாரம், அதன் வழியாகத்தான் மூச்சு. ஒரு காலத்தில் மைக் இல்லாமலே கடைசி பெஞ்சில் தூங்குகிறவனைத் தூக்கிவாரிப்போட வைக்கிற மாதிரி பிரசங்கம் செய்த மனுஷன். இப்போது கையகல வெள்ளைப் பலகை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மார்க்கர் பேனாவால் எழுதிக் காட்டுகிறார்.

இவரோடு சண்டை போடுவது லேசுப்பட்ட காரியமில்லை. நான் கத்துவேன், அவர் நிதானமாக எழுதுவார். எழுதி முடிக்கும்வரை நான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குள் என் கோபம் பாதி ஆறிப்போகும். அவருக்குக் கோபம் வந்தால் அடிக்கோடு போடுவார். ரொம்பக் கோபம் வந்தால் நான் படித்து முடிப்பதற்குள் அழித்துவிடுவார். இதைவிட அக்கிரமம் உண்டா, சொல்லுங்கள்.

குரல் போன பிறகுதான் பேனாவைப் பிடித்தார். புத்தகங்கள் சில வந்தன, சில விற்றன, மிச்சம் எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. ஆனால் அவருக்கு உயிர், சமூக வலைத்தளத்தில் நாங்கள் நடத்திய பக்கம்தான். அதன் பெயர் "ஒரு வாய் தண்ணீர்". அறுவை சிகிச்சை முடிந்து, குழாய் வழியாகவே சாப்பாடு போய்க்கொண்டிருந்த காலமெல்லாம் தாண்டி, முதன்முதலாக அவர் தொண்டையில் இறங்கியது நான் ஸ்பூனில் கொடுத்த ஒரு வாய் தண்ணீர். அதை விழுங்கிவிட்டு அவர் அழுதார், நானும் அழுதேன். அதைத்தான் முதலில் எழுதினார். அன்றிலிருந்து தினமும் காலையில் சின்னதாக ஒரு தியானம். படுக்கையில் கிடக்கிறவர்கள், அவர்களைத் தூக்கித் தூக்கி இடுப்பொடிந்துபோனவர்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் பெயர் கூப்பிடக் காத்திருக்கிறவர்கள், இவர்களுக்காகவே எழுதுவார். தாளில் எழுதிக் கொடுப்பார். நான் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, வேலைக்குக் கிளம்புமுன் பக்கத்தில் போட்டுவிடுவேன். பக்கத்தைத் திறந்ததும் நான், கடவுச்சொல்லும் என்னிடம். ஜெபத்துக்குக் கேட்கிறவர்களுக்காக என் போன் நம்பரையும் அதில் போட்டிருந்தேன்.

எங்கள் வாசகர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. படித்ததும் கீழே "ஆமென்" போட்டுவிடுவார்கள். பிடித்திருந்தாலும் ஆமென், புரியாவிட்டாலும் ஆமென். ஒருநாள், "ஐயாவுக்குக் காய்ச்சல், இன்று எழுதவில்லை" என்று போட்டேன். அதற்கும் வரிசையாக ஆமென். தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒரு காலை அந்தப் பக்கத்தைத் திறந்தால், பக்கத்தைக் காணோம்.

நெட் சரியில்லை என்று நினைத்து அவர் மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டார். நான் போனைக் கையில் தட்டிப் பார்த்தேன். பிறகுதான் அந்த வலைத்தளக் கம்பெனியிடமிருந்து வந்திருந்த அறிவிப்பைக் கவனித்தோம். "போலியான செயல்பாடு காரணமாக உங்கள் பக்கம் முடக்கப்பட்டுள்ளது" என்று இருந்தது.

"போலியா? யாரைப் பார்த்துப் போலிங்கறான்?" என்று கத்தினேன். "உங்க எழுத்துல எது போலி? நீங்க கழுத்துல ஓட்டை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது போலியா?"

அவர் பலகையை எடுத்தார். "டீ ஆறுது" என்று எழுதினார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. டீயை அவர் தொடவே இல்லை. எழுதிவைத்திருந்த அன்றைய தாளை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டார். ஆஸ்பத்திரியில், குரல் இனி வராது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கும் இப்படித்தான் நின்றார். குரலை ஒருமுறை எடுத்தாயிற்று, இன்னொரு முறையுமா?

யார் வேலை என்று எனக்குத் தெரியும்.

நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற மருந்துக்கடையில். அங்கே ஒரு பஸ் டிரைவர் மாதாமாதம் இன்சுலின் வாங்க வருவார். நன்றாக அரட்டை அடிப்பார். கொஞ்ச காலம் அவரைக் காணவில்லை. திரும்பி வந்தபோது சக்கர நாற்காலியில் வந்தார், வலது பாதம் இல்லை. புண்ணுக்குக் கட்டுத்துணி வாங்கத்தான் வந்திருந்தார். "ஊசியை ஏங்க நிறுத்தினீங்க?" என்று கேட்டேன். "எண்ணெய் பூசின பிறகும் ஊசி போட்டா அது அவிசுவாசம்னு சொன்னாங்கம்மா" என்றார். யார் சொன்னது என்று கேட்கவே வேண்டாம். எங்கள் வட்டாரத்தில் ஒரு பெரிய போதகர் இருக்கிறார். மேடை, விளக்கு, பாட்டுக் குழு என்று தடபுடலாகக் கூட்டம் நடத்துவார், ஜெபித்த எண்ணெய் கொடுப்பார். எண்ணெய் ஐயா என்பார்கள்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்காமல் அந்தக் கதையைச் சொன்னேன். இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை தியானத்தில் எழுதிவிட்டார். யார் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. அது இதுதான்:

"எண்ணெய் நல்லது. ஜெபம் அதைவிட நல்லது. ஆனால் மாத்திரையைக் குப்பையில் போடச் சொல்லும் சத்தம் ஆண்டவருடையது என்று நான் நம்பவில்லை. என் குரல் போனது நான் ஜெபிக்காததால் இல்லை. என் உயிர் மிஞ்சியது நான் ஜெபித்ததால் மட்டும் என்றும் சொல்லமாட்டேன். கத்தி பிடித்த அந்த டாக்டரின் கையும் என் ஜெபத்துக்கு வந்த பதில். ஆகையால் இன்று காலை உங்கள் மாத்திரையை எடுங்கள். ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். அதற்கப்புறம் ஜெபிக்கலாம், நானும் கூட இருக்கிறேன்."

இதற்குத்தான் எண்ணெய் ஐயாவின் ஆட்கள் பொங்கினார்கள். "தவறான மருத்துவத் தகவல்" என்று மூட்டை மூட்டையாகப் புகார் கொடுத்தார்கள். மாத்திரை போடு என்று சொன்னது தவறான மருத்துவத் தகவலாம்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

என் அண்ணன் மகளுக்குப் போன் போட்டேன். அவளுக்கு வீட்டில் பெயர் குட்டி. நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம், இருந்தாலும் குட்டிதான். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மத்தியானமே மடிக்கணினியோடு வந்து, சாப்பாட்டு மேசையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நோண்டினாள், உதட்டைப் பிதுக்கினாள், திரும்ப நோண்டினாள்.

"அத்தை, புகார் வந்தது நெஜம்தான். ஆனா பக்கத்தை மூடினது அதுக்காக இல்ல."

"பின்னே?"

"புகார் வர ஆரம்பிச்சதும் நம்ம ஆளுங்களுக்கு யாராவது தகவல் சொன்னீங்களா?"

"சொன்னேன். ஐயாவுக்கு எதிரா கிளம்பியிருக்காங்க, எல்லாரும் வந்து ஆதரவு குடுங்கன்னு அனுப்பினேன். எல்லாரும் வந்தாங்களே!"

"வந்தாங்க. வந்து என்ன எழுதினாங்க?"



"ஆமென்," என்றாள் குட்டி. "ஆயிரக்கணக்குல. ஒரே நேரத்துல, ஒரே வார்த்தை. வேற ஒரு எழுத்துகூட இல்ல. கம்பெனியோட மெஷின் என்ன நெனைக்கும்? இது மனுஷங்க இல்ல, யாரோ போலிக் கணக்கு வெச்சு அடிக்கிறாங்கன்னு நெனைக்கும். நெனச்சு மூடிடுச்சு."

எனக்கு மயக்கம் வராத குறை. எதிரி அடித்த அடியில் நாங்கள் விழவில்லை. எங்கள் ஆட்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்ததில் மூச்சு முட்டி விழுந்திருக்கிறோம். இதை எந்தச் சபையில் போய்ச் சொல்ல? இவர் பக்கம் திரும்பினால், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அவர் சிரிப்பில் சத்தம் வராது, கழுத்துத் துவாரத்தில் காற்று மட்டும் புஸ்புஸ்ஸென்று வரும்.

"சிரிங்க, நல்லா சிரிங்க!" என்றேன். "பக்கம் போச்சு, உங்களுக்குச் சிரிப்பு."

மேல்முறையீடு என்று ஒன்று இருந்தது. குட்டி எழுதி அனுப்பினாள். பதில் வந்தது. ஆமென்கள் குவிந்ததும் புகார் வந்ததும் அந்த மாத்திரைப் பதிவுக்குத்தான் என்பதால், அதை நீக்கிவிட்டால் பக்கத்தைத் திரும்பத் திறப்பது பற்றிப் பரிசீலிப்போம் என்று எழுதியிருந்தார்கள். உள்ளே நுழைந்து அந்த ஒரு பதிவை அழிக்க மட்டும் வழி வைத்திருந்தார்கள்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. ஒரே ஒரு பதிவு. அதை எடுத்தால் இத்தனை வருஷத்து எழுத்து திரும்ப வரும், அதன் கீழே இத்தனை பேர் கொட்டிவைத்த கண்ணீர் வரும், எல்லாவற்றுக்கும் மேலாக ஜன்னல் பக்கம் நிற்கிற மனுஷன் மேசைக்குத் திரும்பி வருவார்.

"எடுத்துடலாங்க," என்றேன். "அப்புறம் வேற மாதிரி எழுதிக்கலாம். கொஞ்சம் பூசி மெழுகி."

அவர் பலகையில் பெரிதாக "முடியாது" என்று எழுதி, அடிக்கோடும் போட்டார்.

"ஏன் முடியாது? பிடிவாதம் பிடிச்சு என்னத்தக் கண்டீங்க? அந்தப் பக்கம் இல்லாம நீங்க எப்படி இருப்பீங்கன்னு நான்தானே பார்க்கணும்!" அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நீங்க பேசாம போனதை ஒரு தடவை பார்த்துட்டேன். இன்னொரு தடவை என்னால முடியாது."

அவர் என்னைப் பார்த்தார். பலகையைத் துடைத்தார். இந்தத் தடவை மெதுவாக, சின்ன எழுத்தில் எழுதினார்: "கடவுச்சொல் உன்கிட்டதான் இருக்கு. நீ எடுத்தா நான் கோபப்பட மாட்டேன்." அடிக்கோடு இல்லை, அழிக்கவும் இல்லை. பலகையை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பாவி மனுஷன், இதைவிடக் கத்தியிருக்கலாம்.

மறுநாள் கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. போனைக் கையில் எடுப்பதும், அந்த அழிக்கும் பொத்தானைப் பார்ப்பதும், கீழே வைப்பதுமாக இருந்தேன். பஸ் டிரைவர் கட்டுத்துணி வாங்க வந்தார். அவர் மனைவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"பக்கம் போயிடுச்சாமேம்மா," என்றார் அவர்.

"ஆமாங்க. அந்த மாத்திரைப் பதிவை எடுத்தா திரும்பத் தருவாங்களாம்."

அவர் கட்டுத்துணிப் பொட்டலத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார்.

"எடுத்துடாதீங்கம்மா. என் கால் போனதுல நடந்த ஒரே நல்லது அதுதான். வார்டுல என் பக்கத்துப் படுக்கைல கிடந்தவனுக்கு அதை அனுப்பினேன். படிச்சுட்டு ஊசி போட்டுக்கிட்டான். அவன் நடந்து வீட்டுக்குப் போனான்."

அவ்வளவுதான். போனைப் பைக்குள் திணித்தேன். அழிக்கிற எண்ணம் அன்றோடு செத்தது.

வீட்டுக்கு வந்ததும் குட்டியிடம், "அதை எடுக்கப் போறதில்ல. வேற வழி சொல்லுடி" என்றேன். இவர் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று இரண்டு டம்ளர் டீ குடித்தார்.

"அத்தை, முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க," என்றாள் குட்டி. "இத்தனை வருஷம் வாடகை வீட்டுல இருந்துட்டு சொந்த வீடுன்னு நெனச்சுட்டீங்க. வீட்டுக்காரன் பூட்டு மாத்தினா தெருவுலதான் நிக்கணும். நமக்குன்னு ஒரு இணையதளம் போட்டுடலாம். மாமா எழுதினது எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல, அதை அங்க ஏத்திடலாம். அதுல முதல் பதிவா இதையே போடறோம். கீழே நம்ம ஆளுங்க எழுதட்டும். இவங்க போலி இல்ல, மனுஷங்கதான்னு கம்பெனிக்குக் காட்ட அதுவே போதும்."

"எழுதுவாங்க. அதுக்கென்ன."

"ஆமென் போடக்கூடாது அத்தை."

அங்கேதான் சிக்கல்.

இணையதளத்தைக் குட்டி கட்டி முடித்ததும், ஜெபத்துக்கு என் நம்பரில் பேசுகிறவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினேன். "ஐயாவின் புது வீட்டுக்கு வாருங்கள். உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். தயவுசெய்து ஆமென் போடாதீர்கள்." அதற்கு முதல் பதில் உடனே வந்தது. "ஆமென் அம்மா."

கடையில் ஒரு கையால் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே இன்னொரு கையால் போனைப் பிடித்தபடி ஒவ்வொருவருக்கும் பாடம் எடுத்தேன். ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை பெருமையாகக் கூப்பிட்டார்.

"நீங்க சொன்ன மாதிரியே எழுதிட்டேன் சிஸ்டர். ஆமென் போடவே இல்ல."

"ரொம்ப சந்தோஷம் டீச்சர். என்ன எழுதினீங்க?"

"அல்லேலூயா."

கடை முதலாளி கல்லாவில் இருந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இது மருந்துக்கடையா, ஜெபக்கூட்டமா?"

"ரெண்டும்தான் சார். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. உன் சொந்த வார்த்தையில் எழுது என்றால் பயந்துவிடுகிறார்கள். தப்பாகிவிடுமோ, ஐயா எழுத்துக்குக் கீழே நம் எழுத்தா என்று கூச்சம். ஆமென் என்றால் பத்திரம், தப்பாகாது. எரிச்சலில் நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது திடீரென்று ஒன்று உறைத்தது. இதே ஆட்களைச் சபையில் சாட்சி சொல்ல எழுப்பினால் என்ன ஆகும்? ஆண்டவர் தங்கள் வாழ்க்கையில் என்ன செய்தார் என்று சொல்ல மைக்கைக் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது. தண்ணீர்க் குழாய் உடைந்ததிலிருந்து ஆரம்பித்து, மச்சினி கல்யாணம் வழியாக வந்து, போதகர் இருமிக் காட்டினாலும் உட்காரமாட்டார்கள். இவர் குரல் இருந்த காலத்தில் எத்தனை பேரிடமிருந்து மைக்கைப் பிடுங்கியிருப்பார்!

உடனே எல்லாருக்கும் திரும்ப அனுப்பினேன். "சாட்சி சொல்லுங்கள். இந்தப் பக்கத்தைப் படித்து உங்களுக்கு என்ன நடந்தது? எழுந்து நின்று சொல்வதுபோல் எழுதுங்கள். மைக்கை யாரும் வாங்கமாட்டார்கள்."

மடை திறந்துவிட்டது. அடேயப்பா, என்னமாக எழுதினார்கள்! ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு வாரம் முழுக்கப் போராடுகிற ஒரு பெண், பக்கத்துப் படுக்கைக் கிழவருக்குக் கண் தெரியாததால் தினமும் சத்தமாகப் படித்துக்காட்டுவதாகவும், அவர் தினமும் முடிவில் "இவ்வளவுதானா?" என்று சண்டை பிடிப்பதாகவும் எழுதினாள். சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிற ஒருவர், நடுக்கடலில் நெட் கிடைக்காது என்பதால் துறைமுகத்திலேயே மொத்தமாகச் சேமித்துக்கொள்வாராம். ஒரு அம்மாள் இப்படி எழுதினாள்: "நான் உங்க மதம் இல்லைங்க. என் புருஷன் படுத்த படுக்கை. காலைல எனக்காக யாரோ ஒருத்தர் எழுதியிருக்காருன்னு நெனச்சுத்தான் எழுந்திரிக்கிறேன்." அதைப் படித்தபோது நான் இருமல் மருந்து கேட்டவருக்குக் காய்ச்சல் மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போனேன். பஸ் டிரைவரும் எழுதினார். தன் பெயர், தன் வழித்தடம், தன் கால், எல்லாம் போட்டு எழுதினார். தலைமையாசிரியை மூன்று பகுதிகளாக எழுதினார், பத்தி பிரித்து, தலைப்போடு.

ஒரு சாட்சியும் இன்னொன்று மாதிரி இல்லை. குட்டி எல்லாவற்றையும் சேர்த்துக் கம்பெனிக்கு அனுப்பினாள். இனி எந்த இயந்திரம் இதைப் போலி என்று சொல்லும் பார்க்கலாம் என்று நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கம்பெனிக்காரர்கள் இன்னொரு முட்டுக்கட்டையைப் போட்டார்கள். பக்கத்தின் ஆசிரியர் உயிருள்ள மனிதர்தான் என்று நிரூபிக்க வேண்டுமாம். கேமராவைப் பார்த்து, திரையில் வரும் வாக்கியத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டுமாம்.

"சத்தமா?" என்றேன். "சத்தமாவா?" எனக்கு வந்த கோபத்தில் மடிக்கணினியைத் தூக்கி எறிந்திருப்பேன். அது குட்டியுடையது என்பதால் விட்டேன்.

இவர் எழுந்து போய் அலமாரியின் கீழ் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு குரல் கருவி கிடந்தது. டார்ச் லைட் மாதிரி இருக்கும், கழுத்தில் வைத்து அழுத்தினால் அதிர்ந்து தட்டையாக ஒரு சத்தம் வரும், வாயை அசைத்தால் அது பேச்சாகும். ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். ஒரே ஒரு முறை சபையில் பேசிப் பார்த்தார். முன்வரிசையில் ஒரு குழந்தை மிரண்டு அழுதுவிட்டது. அன்று இழுப்பறையில் போட்டவர், நான் கெஞ்சியும் தொடவில்லை. இப்போது அதைச் சட்டையில் துடைத்து, பேட்டரி மாற்றி, கேமரா முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். கழுத்தில் வைத்து, திரையில் வந்த வாக்கியத்தைப் படித்தார். "வானம் நீலமாக இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன்." எத்தனை வருஷம் கழித்து அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம்! என்ன குரலாக இருந்தால் என்ன, நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

திரையில் பதில் வந்தது. "இயந்திரக் குரல் கண்டறியப்பட்டது. சரிபார்ப்பு தோல்வி."

"ஒரு மெஷின் என் புருஷனைப் பார்த்து மெஷின்னு சொல்லுது!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. இவருக்கோ மறுபடியும் சிரிப்பு, தோள் குலுங்குகிறது. குட்டி மட்டும் சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. அந்தத் திரையை அப்படியே படம் பிடித்தாள்.

"அத்தை, மாட்டினாங்க," என்றாள்.

குரல்வளை இல்லாத மனுஷனிடம் குரல் கேட்டு, அவர் பேசியதும் இயந்திரம் என்று தள்ளிய அந்தப் படத்தை, ஆஸ்பத்திரிச் சான்றோடு கம்பெனிக்கு அனுப்பினாள். எங்கள் புது இணையதளத்திலும் போட்டாள். அது ஊரெல்லாம் சுற்றியது. எங்களை அறியாதவர்கள்கூட அந்தக் கம்பெனியின் வாசலில் போய்க் கேள்வி கேட்டார்கள். கடை முதலாளியே தன் போனில் எனக்குக் காட்டி, "இது உங்க வீட்டுக்காரர்தானேம்மா?" என்றார், ஏதோ நான் மறந்துவிட்ட மாதிரி.

அதன் பிறகுதான் ஒரு மனுஷி வந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் கூப்பிட்டாள். மறுஆய்வுப் பிரிவு அதிகாரியாம், சின்ன வயசு, களைத்த முகம்.

"வணக்கம்ங்க. நடந்ததுக்கு வருத்தப்படறோம். சார்கிட்ட சில கேள்வி கேக்கணும்," என்றாள்.

இவர் பலகையில் எழுதிக் காட்டினார். திரையில் தன் எழுத்து இடம் வலமாக மாறித் தெரிகிறதே என்று திருப்பி எழுதப் போனார். "நேரா எழுதுங்க, அவங்களுக்கு நேராத்தான் தெரியும்" என்று குட்டி அதட்டினாள்.

"அந்தப் பதிவுல தவறான மருத்துவத் தகவல் இருக்கறதா நிறைய புகார் வந்திருக்கு சார்," என்றாள் அதிகாரி.

இவர் எழுதினார்: "நீங்கள் அதை முழுசாகப் படித்தீர்களா?"

அவள் தன் திரையில் எதையோ தேடினாள். "புகார் அறிக்கைதான் பார்த்தேன்."

பலகை துடைக்கப்பட்டது. "இப்போது படியுங்கள். சத்தமாக."

சத்தமாக என்பதற்கு அடிக்கோடு போட்டிருந்தார். அவள் லேசாகச் சிரித்துவிட்டாள். படிக்க ஆரம்பித்தாள். எண்ணெய் நல்லது, ஜெபம் அதைவிட நல்லது. அலுவலகத்தில் அறிக்கை படிக்கிற குரலில்தான் தொடங்கினாள். கத்தி பிடித்த டாக்டரின் கை என்ற இடத்தில் நிதானித்தாள். ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள் என்ற இடத்துக்கு வந்தபோது எங்களிடம் பேசுவது போலவே படித்தாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் எழுதியதை இன்னொருவர் வாயால் சத்தமாகக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. கடையும் வீடுமாக ஓடுகிற நான் ஒருநாளும் படித்துக் காட்டியதில்லை.

"இதுல எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல சார்," என்றாள் அவள். "பதிவு இருக்கட்டும். பக்கத்தையும் திறந்துடறேன். இனிமே இந்தப் பக்கத்தை மெஷின் மட்டும் பார்த்து மூடாது, அதுக்கும் குறிப்பு போட்டுடறேன்."

அழைப்பு முடிவதற்குள் பக்கம் வந்துவிட்டது. "ஒரு வாய் தண்ணீர்" என்ற எழுத்தைப் பார்த்ததும் நான் குட்டியைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். இந்த வயசில் குதித்ததில் முட்டி வலித்தது, வலிக்கட்டும்! அந்தப் பதிவு ஒரு எழுத்தும் குறையாமல் அதே இடத்தில் இருந்தது. ஜெயித்துவிட்டோம். எண்ணெய் ஐயாவின் ஆட்கள் எத்தனை மூட்டை புகார் கொடுத்தார்களோ அத்தனையும் வீண்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பதிவின் கீழே புதிதாக ஒன்று வந்தது. எங்களுக்குத் தெரியாத பெண். குட்டி சத்தமாகப் படித்தாள்:

"ஐயா, புகார் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. குழுவில் கொடுக்கச் சொன்னார்கள், படிக்காமலே கொடுத்தேன். இவ்வளவு சண்டை நடக்கிறதே, அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று உங்கள் இணையதளத்துக்கு வந்து படித்தேன். என் மகளுக்கு வலிப்பு மாத்திரையை நிறுத்தியிருந்தேன். டாக்டரிடம் கூட்டிப்போனேன். திரும்பக் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். இன்று காலை ஒரு வாய் தண்ணீரோடு விழுங்கினாள். என்னை மன்னித்துவிடுங்கள்."

அதை அழித்திருந்தால் இந்தப் பெண் எதைப் படித்திருப்பாள்? இவர் பலகையைத் தேடவில்லை. மேசையில் கிடந்த குரல் கருவியை எடுத்தார். யாரும் கேட்காமல், எந்தக் கேமராவும் பார்க்காமல், கழுத்தில் வைத்து அழுத்தினார்.

"ஆமென்," என்றார்.

அந்தத் தட்டையான, கரகரத்த குரல் எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் நிறைந்தது. நான் போனை எடுத்தேன். கண்ணீரில் எழுத்து சரியாகத் தெரியவில்லை. இருந்தாலும் அந்தப் பெண்ணின் வரிக்குக் கீழே, என் கையால், முதன்முறையாக நானும் ஆமென் என்று போட்டேன்.

"அத்தை!" என்று குட்டி அலறினாள்.

அலறட்டும். ஒன்றே ஒன்றுதானே போட்டேன்.